இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

2024 ஆகஸ்ட் 3, சனி

ஜமாலுதீன் காலையில் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். கைப்பிரதி ஒரு கட்டு, அதைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்த முதல் புரூஃப் ஒரு கட்டு. நாவல். முந்நூற்று நாற்பது பக்கம். இந்தக் காலத்திலும் பேனா பிடித்து எழுதுகிற மனிதர் ஒருத்தர் இருக்கிறார் போலிருக்கிறது. பெயர் உ. மாசிலாமணி, திருவாரூரில் தபால் இலாகாவில் வேலை. முதல் நாவலாம். தலைப்பு ‘அரைப்படி’.

அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்தாயிற்று. வீட்டோடு வந்தும் ஆறு வருஷம் ஆகிறது. ஜமாலுதீனுக்கு மட்டும் இன்னும் என் கண்தான் வேண்டும். பதிப்பகம் வைத்திருக்கிற நாலு பேரில் ஒழுங்காக ‘ழ’ சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்பதால் நானும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

கைப்பிரதி இருந்தால் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அச்சகத்தில் அதற்கென்று ஆள் இருந்தது. வீட்டில் இவர்தான். இருபத்தெட்டு வருஷம் கும்பகோணம் ரூட்டில் கண்டக்டராக இருந்தவருக்குத் தொண்டைக்கு என்ன குறைச்சல்? கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் முடிவு, பத்தி என்று ஒன்று விடாமல் சொல்லிச் சொல்லி வாசிப்பார். ‘பத்தி’ என்று இவர் கத்துகிற கத்தலுக்கு எதிர்வீட்டில் கேட்டைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்று பதினெட்டுப் பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாய்க்கால், வாய்க்கால் கரையில் இலுப்பை மரம், அதை ஒட்டி ஓடு போட்ட ஓராசிரியர் பள்ளிக்கூடம். ஊருக்கு ஆலங்கரை என்று பெயர் வைத்திருக்கிறார். பெயர்தான் வேறு. இலுப்பை மரம் எங்கள் ஊரில் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புதிது வருவதற்குள் பாதி நாள் போய்விட்டது. மத்தியானம் உட்கார்ந்தோம். முப்பது பக்கம்.

கதை எழுபதாம் வருஷத்துக் குறுவை அறுப்பில் நடக்கிறது. தெற்குத்தெரு ஆட்கள் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்கிறார்கள். மேலத்தெரு மிராசுதார்கள் முடியாது என்று வெளியூர் ஆட்களை இறக்குகிறார்கள். அறுப்பு நின்றுபோகிறது. வயலில் நெல் சாய்கிறது.

இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, இது உங்கள் ஊரில் நடந்ததுதானே என்று கேட்டார். கீழத்தஞ்சையில் எந்த ஊரில்தான் இது நடக்கவில்லை, வாசியுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாற்பது பக்கம். டைப் அடித்த பெண்ணுக்கு ஒற்று என்றால் ஆகாது போலிருக்கிறது, சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று 212ஆம் பக்கம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். கூலி கேட்டு ஊர்வலம் போனவர்களை மேலத்தெரு ஆட்கள் கம்போடு விரட்டுகிறார்கள். ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி ஓடுகிறார்கள். ஒருத்தி மட்டும் இடுப்பில் கைக்குழந்தையும் தோளில் மண்டை உடைந்த புருஷனுமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து கதவைத் தட்டுகிறாள். லீவு நாள், ஆனாலும் வாத்தியார் உள்ளே இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்கட்டில்தான் அவருக்கு வீடு.

இவர் வாசித்தார்: “கதவு திறந்தது முற்றுப்புள்ளி. வாத்தியார் நின்றார் முற்றுப்புள்ளி. மேற்கோள் ஆரம்பம், உள்ள வாம்மா கமா சீக்கிரம் வா, மேற்கோள் முடிவு...”

இவர் அங்கேயே நிறுத்திவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் எத்தனை சண்டை பார்த்த மனிதர்! வாத்தியார் மூவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார், கம்போடு வந்தவர்களிடம் இங்கே யாரும் வரவில்லை என்கிறார், மண்டை உடைந்தவன் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து வாத்தியார் கையால் தண்ணீர் குடித்துவிட்டுச் சாகிறான். நாவலில் வாத்தியாருக்குப் பெயர் இல்லை. பெயர் எதற்கு, அந்த ஊருக்கு இருந்ததே ஒரு வாத்தியார்தான், எங்கப்பா.

“மாமா இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்காரு, நாப்பது வருசத்துல நீ ஒரு வார்த்தை சொல்லலியே நாயகி” என்றார் இவர்.

அப்போது என் தம்பி பிறக்கிற சமயம், அம்மா பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் சித்தி வீட்டில் இருந்தாள், நானும் அவளோடு அங்கேதான் இருந்தேன், எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன்.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் அப்படியே பிசைந்து சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று வேலை ஓடவில்லை. அப்பா ஞாபகமாகவே இருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மேலத்தெருவில் எங்களுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். கோவிலில் விபூதித் தட்டு அப்பாவைத் தாண்டிப் போகும். மண்டை உடைந்து வந்த உத்திராபதியை உள்ளே சேர்த்துக்கொண்ட பாவத்துக்கு இது. தெற்குத்தெருவிலோ அப்பாவைக் கண்டால் தோளில் கிடக்கிற துண்டு இறங்கும். வேண்டாம், போடுங்கள் என்று அப்பா பதறுவார். ஒவ்வொரு குறுவைக்கும் புது நெல் ஒரு குறுணியும் ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பூசணிக்காயில் அம்மா கூட்டு வைத்தால் ஒருநாளும் தொட்டதில்லை. வாயு என்பார்.

இரண்டு தெருவும் அப்பாவைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் நம்பின. அப்பா ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தொண்ணூற்றாறில் போய்ச் சேர்ந்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜமாலுதீன் போன் செய்தார். மாசிலாமணி அந்த உத்திராபதியின் மகனாம். நாவலில் வருகிற கைக்குழந்தை அவர்தானாம். தியாகேசன் வாத்தியாரின் மகள் இங்கே புரூஃப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பதிப்பகத்தையே தேடி வந்தாராம். இத்தனை நாள் சொல்ல வேண்டாம், படித்து முடிக்கட்டும் என்று இருந்தார்களாம். சமர்ப்பணப் பக்கம் தனியாக வரும், அதில் ‘கதவைத் திறந்த தியாகேசன் வாத்தியாருக்கு’ என்று இருக்கும், திருவாரூரில் வெளியீட்டு விழா, முதல் பிரதியை நான்தான் மேடையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

இவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். பீரோவைக் குடைந்து அப்பா போட்டோவை எடுத்துத் துடைக்கிறார். எனக்குப் பட்டுப் புடவை வேறு எடுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எனக்கு இது நடந்ததே இல்லை. ஜமாலுதீன் தயங்கித் தயங்கிப் பேசினார். முதல் புரூஃபில் நான் எல்லாப் பக்கமும் சுத்தமாகப் பார்த்திருக்கிறேனாம், ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பதினோரு பிழை அப்படியே நிற்கிறதாம். ‘வாத்தியார்’ என்பதே இரண்டு இடத்தில் ‘வத்தியார்’ என்று இருக்கிறதாம். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அந்தப் பக்கத்தை நான் ஒரு நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பதினோரு பிழையில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கண்ணில் புரை விழுந்திருக்கும் போலிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கண் டாக்டரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மாசிலாமணி பேசினார். அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நல்ல அடங்கின குரல். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா அவரைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தாராம். வழியில் மழை பிடித்துக்கொண்டதும் சட்டையைக் கழற்றிப் பையன் தலையில் போட்டு மூடினாராம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அப்பா வெற்றுடம்போடு வந்து நின்றது தெரியும்.

“எங்கப்பா செத்தது எனக்கு ஞாபகமே இல்லக்கா. அவர் கடைசியா ஒரு மனுசர் கையால தண்ணி குடிச்சிட்டுப் போனாரேன்னு இருக்கும். அத வச்சித்தான் இத்தன வருசம் எனக்குக் கோவம் தணிஞ்சிது” என்றார்.

நான் உம் கொட்டினேன். வேறு என்ன செய்ய? ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறது, அடுத்த நாவலிலாவது பார்த்து எழுதுங்கள் என்று சொன்னேன். மனிதர் சிரித்தார். போனை வைத்ததும் எனக்கு என்மீதே ஆத்திரமாக வந்தது.

புரூஃப் பார்க்கிறவர் எழுத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும், விஷயத்தில் கை வைக்கக் கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். கோவலன் காஞ்சிபுரத்தில் செத்தான் என்று எழுதியிருந்தால்கூட ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவரிடம் விட்டுவிட வேண்டியதுதான். நான் 212இல் கேள்விக்குறி போடவில்லை. போட்டால் என்ன கேள்வி என்று கேட்பாரே.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இவர் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருக்கிறார். வர மத்தியானம் ஆகும். எழுதிவிடுகிறேன்.

11ஆம் தேதி எழுதினது பொய். அம்மாதான் கும்பகோணத்தில் இருந்தாள். எனக்குக் காலாண்டுத் தேர்வு முடியவில்லை என்று அப்பா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். எனக்குப் பத்து வயசு. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன்.

நாலு மணி இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்கால் பக்கம் கூச்சல் கேட்டது. நான் சன்னல் கட்டை இடுக்கில் பார்த்தேன். உத்திராபதி பெண்டாட்டி அஞ்சலை அவனைத் தாங்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. உத்திராபதியின் முகம் தெரியவில்லை, சிவப்பாக இருந்தது. அப்பா, தாழ்ப்பாளைப் போடு என்றார். போட்டேன்.

சார், சார் என்று கூப்பிட்டாள். தட்டினாள். பிறகு கையால் தட்டவில்லை, தலையாலோ தோளாலோ முட்டினாள். கதவு ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். கம்போடு இரண்டு பேர் வந்தார்கள். படியில் கிடந்தவனைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இனி அடிக்க ஒன்றும் இல்லை என்று போயிருப்பார்கள்.

எல்லாம் அடங்கின பிறகு அப்பா கதவைத் திறந்தார். உத்திராபதிக்கு உயிர் போய்விட்டிருந்தது. அஞ்சலை படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவன் அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்தார். தனியாகவே தூக்கி பெஞ்சில் போட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றினார். செத்தவன் வாயில் ஊற்றினார். எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

தெற்குத்தெரு ஆட்கள் வந்தபோது உடம்பு பெஞ்சில் இருந்தது. அஞ்சலை எழுந்து நின்று, சார்தான் கதவத் திறந்து உள்ள இழுத்துப் போட்டாரு, தண்ணி குடுத்தாரு என்று சொன்னாள். போலீசிலும் அதையேதான் சொன்னாள். அப்பா வாயைத் திறந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஐம்பத்து நாலு வருஷமாகத் தெரியவில்லை.

இவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

இரண்டாம் புரூஃப் வந்திருக்கிறது. இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் இன்று நான் வாசித்தேன், இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு புரூஃபைப் பார்த்தார். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி விரலை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார், ஆனால் ஒன்றை விடமாட்டார். முதல் புரூஃபில் தப்பினதால் நேராக 212ஐ எடுத்துக்கொண்டோம்.

கதவைத் தட்டுகிற இடம் வரைக்கும் சரியாகத்தான் வாசித்தேன். அடுத்து என் வாயில் வந்தது இது:

“கதவு திறக்கவில்லை முற்றுப்புள்ளி. வாத்தியார் உள்ளேயே நின்றார் முற்றுப்புள்ளி. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள் முற்றுப்புள்ளி.”

“இரு, இரு. இங்க அப்படி இல்லியே” என்று கரகரத்தார் இவர்.

“கைப்பிரதியிலயும் இல்ல” என்றேன்.

இவர் விரலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் இவர் புரூஃபை அடுக்கி, நூலால் கட்டி, அலமாரியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

 மத்தியானச் சாப்பாட்டில்தான் வாயைத் திறந்தார். திறந்தாரா, கொட்டித் தீர்த்துவிட்டார். செத்துப்போய் இருபத்தெட்டு வருஷம் ஆன மனிதரைக் கூண்டில் ஏற்றி உனக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு பையன் தன் அப்பன் நிம்மதியாகச் செத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறான், அதையும் பிடுங்கப்போகிறாயா? அந்தம்மாவே அப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிட்டது, நீ யார் குறுக்கே? கதைதானே, கதையிலாவது ஒருத்தன் கதவைத் திறந்துவிட்டுப் போகட்டுமே!

இவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அது கதை இல்லை, முகப்பிலேயே எங்கப்பா பேரைப் போட்டிருக்கிறார்கள், நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் போய் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கத்தினேன். சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இனி ஊரில் எந்தக் கதவும் திறக்கவில்லை என்று எழுதினால் படிக்கிறவனுக்கு நம்பிக்கை போய்விடும் என்று இவர் பின்னாலேயே வந்து சொன்னார். பஸ்ஸில் சில்லறை இல்லை என்பதையும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு ஒன்று தோன்றியது. அச்சில் வந்துவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். நாளைக்கு ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, பார், அந்தக் காலத்திலும் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லும். யாரும் திறக்காத ஊரில் திறந்தார்கள் என்று எழுதினால், தட்டினவளின் கைக்கு யார் பதில் சொல்வது?

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் விண்டுபோயிற்று. நாளைக்குத் திருவாரூர் போகிறேன் என்று சொன்னேன். இவர், எத்தனை மணி பஸ் என்றார். தானும் வருகிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாசிலாமணி வீடு மடப்புரம் பக்கம். சின்ன வீடு, வாசலில் செம்பருத்தி. வாங்கக்கா என்று வாயெல்லாம் பல்லாக வந்தார். ஐம்பத்தைந்து வயசு மனிதர், ஆனால் நெற்றி அப்படியே உத்திராபதி. அவர் மனைவி பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அஞ்சலையம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்தார்.

காபி கொண்டுவர உள்ளே போகப்போன மாசிலாமணியை உட்காரச் சொல்லிவிட்டு நான் சொல்ல ஆரம்பித்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கோத்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. உங்கள் புத்தகத்தில் 212ஆம் பக்கம் தப்பு, எங்கப்பா கதவைத் திறக்கவில்லை, நான் உள்ளே இருந்தேன் என்று மூன்றே வாக்கியம்.

மாசிலாமணி சிரித்த முகம் அப்படியே இருக்க, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சன்னல்ல ரெண்டு கண்ணு தெரிஞ்சுது. நீதானா அது?” என்றார்.

நான்தான் என்றேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன் என்றார். அதைப் போட்டதும் நான்தான், அப்பா போடச் சொன்னார் என்றேன்.  அவர் ரொம்ப நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணிக்குத்தான் தாங்கவில்லை. எழுந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் அம்மாவிடம்தான். நாலு வருஷம் உட்கார்ந்து எழுதினேனே, அந்தத் தெருவில் ஒரே ஒரு மனுசன் இருந்தான் என்று காட்டத்தானே இவ்வளவும் எழுதினேன், தினம் தினம் உன்னைக் கேட்டுக் கேட்டுத்தானே எழுதினேன், அப்போதும் சொல்லவில்லையே என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

அஞ்சலையம்மா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“ஒங்கப்பன் போயிட்டாரு. கையில நீ இருக்க. அந்த ஊருல இருந்தது ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியாரு. தொறக்கலன்னு சொன்னா நம்ம தெரு சும்மா இருக்குமா? அவரு ஊர விட்டுப் போயிருப்பாரு, இல்ல நம்ம புள்ளைவோளச் சேத்துக்க மாட்டாரு. தொறந்தாருன்னு நான் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எம்புள்ளைக்கு அந்தக் கதவ அவரு எப்படிச் சாத்துவாரு?”

 இவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்பா சாப்பிடாத பூசணிக்காயும், மழையில் கழற்றின சட்டையும், தெற்குத்தெருப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்ததும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஒரு பொய்யைக் கழுத்தில் மாட்டிவிட்டு, பிள்ளை ஐந்தாவது முடிக்கிறவரைக்கும் ஒன்பது வருஷம் அதற்கு ஏற்றமாதிரி அவரை நடக்கவைத்திருக்கிறார் இந்த அம்மா. இருபத்திரண்டு வயசில், புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை யோசித்திருக்கிறார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை. விழுந்தால் மன்னிக்கச் சொல்லிக் கேட்டமாதிரி ஆகும்.

“இப்ப நான் என்னத்தம்மா எழுதறது?” என்று கேட்டார் மாசிலாமணி.

“நடந்தத எழுது. நீதான் படிச்சு முடிச்சிட்டியே” என்றார் அஞ்சலையம்மா.

அவர் வெளியே போய்ச் செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். நாங்கள் கிளம்பினபோதும் திரும்பவில்லை. பஸ்ஸில் இவர் சன்னலோரம் எனக்கு விட்டார். நீடாமங்கலம் தாண்டினதும், நீ சொன்னது சரிதான் நாயகி என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜமாலுதீனுக்குப் போன் செய்து விழாவுக்கு நான் வரவில்லை என்று சொன்னேன். அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. சரிம்மா என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 16, திங்கள்

கூரியரில் எட்டுத் தாள் வந்தது. 209இலிருந்து 215 வரை புதிதாக எழுதியிருக்கிறார். சமர்ப்பணத்தில் அப்பா பெயரை அடித்துவிட்டு ‘அம்மாவுக்கு’ என்று போட்டிருக்கிறார். எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டு இருக்கும் என்று தேடினேன். இல்லை.

இவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது. இவர் வாசித்தார், நான் கேட்டேன். டைப் ஆகவில்லை, பார்க்க என் கையில் தாள் எதுவும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறார். முதலில் எழுதினதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. சன்னல் இடுக்கு இருக்கிறது. கரும்பலகையில் பாதி போட்ட படம் இருக்கிறது, அஞ்சலையம்மா பார்த்துச் சொல்லியிருப்பார். செத்தவன் வாயில் ஊற்றின தண்ணீர் இருக்கிறது. உள்ளே வாத்தியாரோடு ஒரு சிறுமியும் நிற்கிறாள், பெயரில்லாமல்.

“வாத்தியார் மேற்கோள் ஆரம்பம், தாழ்ப்பாளைப் போடு, மேற்கோள் முடிவு, என்றார் முற்றுப்புள்ளி. சிறுமி போட்டாள் முற்றுப்புள்ளி. பத்தி” என்று வாசித்தார் இவர்.

நிறுத்துங்கள் என்றேன். இவர் நிறுத்தினார். நான் போனை எடுத்து மாசிலாமணிக்கு அடித்தேன். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார்.

அப்பா அப்படிச் சொல்லவில்லை என்றேன். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. கூச்சல் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். கதவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தார். திறக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன், சத்தியமாகத் தெரியாது. எனக்கு அந்தச் சிவப்பு முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரை முந்திக்கொண்டு ஓடித் தாழ்ப்பாளை நான்தான் தள்ளினேன். யாரும் சொல்லித் தள்ளவில்லை. கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா என் எதிரில் வந்து நின்றார். ஒரு கையால் என்னை நகர்த்திவிட்டுத் திறந்திருக்கலாம். பத்து வயசுப் பிள்ளை, என்ன கனம் இருந்திருப்பேன்? அவர் நகர்த்தவில்லை. அவள் தட்டத் தட்ட அது என் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

இதை அப்பாவும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. 27ஆம் தேதி இந்த நோட்டில் எழுதினபோதுகூட என் கை பழியை அப்பா மேல்தான் போட்டது. அஞ்சலையம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

இவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மாசிலாமணி எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பேனா தாளில் ஓடுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

“சரிக்கா, மாத்திடறேன். அந்தப் புள்ளைக்குப் பேரு வைக்காம விட்டிருந்தேன். என்ன பேரு வைக்கட்டும்?” என்று கேட்டார்.

தில்லைநாயகி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.